குடிமாற்றமும் சுமைகூலியும்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்று மாலையே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. தட்டுமுட்டுச் சாமான்களை நாமே கட்டி, ஒரு வண்டி பிடித்து, உறவினர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது ஒரு கட்சி. அதற்கென்றே தொழில் நடத்தும் கம்பெனியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு பேருந்தில் ஏறலாம் என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சி பெரும்பாலும் குடும்பத் தலைவருடையதாகவும், இரண்டாவது இல்லத்தரசியுடையதாகவும் இருக்கக் காண்கிறோம். காரணம் வெளிப்படை. பணம் கொடுப்பவர் ஒருவர்; பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் அன்றிரவே அடுப்பு மூட்ட வேண்டியவர் மற்றொருவர். மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் அகராதியைத் தவிர வேறு பாரம் தூக்கிப் பழகாத நாம், இவ்விவாதத்தின் இரு கட்சிகளிலும் இருந்து பார்த்திருக்கிறோம்.

சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்கு இக்கேள்வி பணத்தைப் பற்றியது, அவ்வளவுதான். ஆனால் நம் எல்லைப் பகுதிகளில் நிலைமை வேறு. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவானபோது, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வட்டாரங்களிலும், இன்று இடுக்கி மாவட்டத்தில் அடங்கிய தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களின் உறவுகள் எல்லைக்கு இருபுறமும் நின்றுவிட்டன. பெண் கொடுத்த வீடு கோவையில் இருக்கும். பிறந்த வீடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கும். உழைக்கும் இடம் மூணாறு. ஓய்வில் திரும்பும் ஊர் போடியோ சங்கரன்கோவிலோ. ஆகவே இங்கே குடிமாறுவது என்றால் பலருக்கு மாநிலம் மாறுவதாகவும், மலை ஏறுவதாகவும் அல்லது இறங்குவதாகவும் முடிகிறது. அதோடு, நாமா கம்பெனியா என்னும் வழக்கில் மூன்றாவதாக ஒருவரும் வந்து நிற்கிறார். வண்டி நின்ற இடத்தில் சாமானை இறக்கும் உரிமை தமக்கே உரியது என்று சொல்லும் சுமைத் தொழிலாளியே அவர்.

இந்த மூன்றாமவரைப் பற்றிப் பேசுவதற்கு முன், மலை நாட்டில் சுமை என்பது எவ்வாறு நகர்ந்தது என்பதை நினைத்துப் பார்ப்பது நன்று. 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதி ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாகச் சென்றது. அதன்பின் தோட்ட வேலைக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏறிய குடும்பங்கள் தத்தம் சட்டி பானைகளைத் தலையிலேயே சுமந்து சென்றன. பிறகு 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடலாயிற்று. 1908இல் அது குறுகிய இருப்புப் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுனையிலிருந்து கீழே போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1924ஆம் ஆண்டு வெள்ளம், மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று சொல்லும் அப்பெருவெள்ளம், அந்த இருப்புப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. அப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. பின்னர் சாலையும் லாரியும் வந்தன. ஆயினும் சாலை முடியும் இடத்தில் தலைச்சுமை தொடங்குகிறது என்ற விதி மட்டும் மாறவில்லை. தோட்டத்து லயத்துக்குப் போகும் பாதையில் இன்றும் ஜீப்பு ஏறும், லாரி ஏறாது.

கம்பெனியின் விலைக்குறிப்பை நம்பிக் கணக்குப் போடுவோர் மறந்துவிடும் செய்தி இதுவே. நகரத்துக் கம்பெனியின் பெரிய மூடுவண்டி மலைமேல் பிரதான சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து சாமான்களைச் சிறு வண்டிக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை இறக்கி ஏற்றுவதென்பது ஒருமுறை உடைவதற்கான வாய்ப்பு. கல்பாத்தி போன்ற அக்கிரகாரத் தெருக்களிலும் இடநெருக்கடி உண்டு. தேர் போகும் தெருவில் லாரி போகும், ஆனால் திரும்ப இடமிராது. ஆகவே கம்பெனிக்காரரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி கட்டணத்தைப் பற்றியதன்று. உங்கள் வண்டி வாசல்வரை வருமா என்பதே. வராது என்றால் மீதித் தூரத்துக்குச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரில் வந்து வீட்டைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்லும் கம்பெனி இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாது. சொன்னாலும் அதை நாம் நம்புவதற்கில்லை.

நாமே வண்டி பிடிப்பதாயின் மலை தெரிந்த ஓட்டுநரையே பிடிக்க வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. சமவெளியில் இருபது ஆண்டு ஓட்டியவரும் அங்கே பாரவண்டியோடு தடுமாறக் கண்டிருக்கிறோம். 2005 முதல் நம் சாலைகளில் ஓடும், மக்கள் அன்போடு குட்டியானை என்று பெயரிட்டிருக்கும் சிறு சரக்கு வண்டி இவ்வட்டாரத்துக்கு மிகப் பொருத்தமானது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எல்லை கடப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இருவர் மூவர் உள்ள குடும்பத்தின் சாமான்கள் இரண்டு நடையில் அடங்கிவிடும். ஆனால் சாமான்களின் மேல் பிள்ளைகளையும் பாட்டியையும் உட்கார வைத்துக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வளைவில் பீரோ சாய்ந்தால் அதற்குச் சட்டம் தெரியாது.

எல்லைச் சாவடிகளைப் பற்றிய பழைய அச்சம் இன்று தேவையில்லை. வாளையாற்றில் லாரிகள் நாள்கணக்கில் வரிசை நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சாவடிகளின் தடை நீங்கிற்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குகளுக்கு மின்வழிச்சீட்டு வேண்டும் என்ற விதியிலிருந்து, பயன்படுத்திய சொந்தப் பொருள்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் விலக்கு உண்டு. எனினும், சாமான் பட்டியல் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டு, மாற்றல் உத்தரவின் நகலோடு ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவது உத்தமம். பட்டியலில் மரச் சாமான்களைத் தனியே குறிக்க வேண்டும். மறையூர்ச் சந்தனக் காட்டையும் சின்னாற்றையும் கடந்து உடுமலைக்கு இறங்கும் பாதையில் வனத்துறையினர் மரத்தைக் கண்டால் கேள்வி கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயமும்கூட. பாட்டனார் காலத்து ஈட்டிமரப் பெட்டிக்கு எவரிடமும் ரசீது இருக்காது. ஆனால் பழைய பெட்டியைப் பழைய பெட்டியாகப் பட்டியலில் காட்டியிருந்தால் பேச்சு விரைவில் முடியும்.

இனிச் சுமைத் தொழிலாளிக்கு வருவோம். கேரளத்தில் ஒவ்வொரு சந்தியிலும் சங்கத்தின் நிறச் சட்டையணிந்த சுமைத் தொழிலாளர் குழு ஒன்று இருக்கும். அப்பகுதியில் ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் பங்கு. அட்டிமறி என்று மலையாளத்தில் வழங்கும் இவ்வுரிமை வானத்திலிருந்து குதித்ததன்று. கடைக்காரர் கொடுத்ததைக் கூலியாக வாங்கிக்கொண்டு, முதுகு ஒடிந்த அன்றே வேலையும் போய்விடும் நிலையில் இருந்தவர்கள், சங்கம் கண்டு பெற்ற உரிமை அது. 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குப் பதிவையும், கூலி வரையறையையும், நல நிதியையும் தந்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் தலைச்சுமைக்காரருக்கு இவை கனவாகவே இருந்தன. இதை மறந்துவிட்டு அவர்களைத் திட்டித் தீர்ப்பது நேர்மையன்று.

ஆனால் உரிமையின் நிழலில் ஒரு தீமையும் முளைத்தது. நாமே இறக்கினாலும், இயந்திரம் இறக்கினாலும், அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கூலி கேட்பது அத்தீமை. நோக்குக்கூலி என்பது அதன் பெயர். நோக்குவதற்கும் கூலி என்று சொல்லைப் பிரித்துப் பார்த்தால் தமிழருக்குச் சிரிப்பு வரும். வாசலில் சாமானோடு நிற்கும் போது வராது. 2018 மே 1ஆம் நாள், தொழிலாளர் தினத்தன்று, இவ்வழக்கத்தை ஒழித்துவிட்டதாகக் கேரள அரசு அறிவித்தது. எனினும் 2021 செப்டம்பரில் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குப் பெரும் இயந்திரச் சரக்கு வந்தபோது, உள்ளூரார் சிலர் வண்டியை மறித்துக் கூலி கேட்டனர். கேரள உயர்நீதிமன்றம் அவ்வாண்டில் நோக்குக்கூலியைப் பணப்பறிப்புக்கு நிகரானதென்று கடுமையாகக் கண்டித்தது. விண்கலம் ஏவுவோர்க்கே இந்நிலை என்றால் குடிமாறும் குமாஸ்தா எம்மாத்திரம் என்று கேட்கலாம்.

கேட்பதற்கு முன் சட்டத்தைப் படிக்க வேண்டும். மேற்படி 1978ஆம் ஆண்டுச் சட்டம், சுமைத் தொழிலாளி யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே, தனிமனிதர் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கு அமர்த்திக்கொள்ளும் ஆளை அவ்வரையறையிலிருந்து விலக்கிவிடுகிறது. எனவே நம் கட்டிலை நாமும் நம் மைத்துனரும் இறக்கினால், அல்லது நாம் அமர்த்திய ஆள் இறக்கினால், அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. கூடுதல் கேட்டால் உதவித் தொழிலாளர் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் முறையிடலாம். ஏற்றிறக்குக் கூலி விகிதங்கள் வட்டாரவாரியாக வெளியிடப்படுகின்றன. தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளலாம். விகிதம் தெரிந்தவரிடம் பேரம் நீள்வதில்லை.

உரிமை இருக்கிறது என்பதனால் அதை எல்லா இடத்திலும் நாட்டியே தீர வேண்டுமா என்பது வேறு கேள்வி. நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பார்த்து நின்றதற்குப் பணம் கொடுக்கலாகாது. அது நாளை நமக்குப் பின்னால் வருபவரின் கழுத்திலும் கயிறாகும். ஆனால் பாரமான பொருள்களைத் தூக்க அவர்களையே அழைப்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று 1967இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் பரிந்துரை செய்தது. எஃகுப் பீரோவும், குளிர்பதனப் பெட்டியும், ஆட்டுக்கல்லும் இவ்வெல்லையை எளிதில் தாண்டும். நாற்காலியிலேயே நாற்பது வயதைக் கழித்தவர் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணிப் பீரோவின் அடிமுனையைப் பிடித்துப் படியேறுவது வீரமன்று. அதே பீரோவைச் சுமைத் தொழிலாளர் நால்வர் கயிறும் சாக்கும் கொண்டு மாடிக்கு ஏற்றும் விதம் பார்த்துக் கற்கத் தக்கது. முதலில் கதவைக் கழற்றிவிடுவார்கள், அல்லது துணியால் கட்டிவிடுவார்கள். திரும்பும் இடத்தில் ஒருவர் குரல் மட்டுமே கேட்கும். மற்ற மூவரும் அக்குரலுக்கு அடங்குவர். கம்பெனி அனுப்பும் இளைஞர்களிடம் இத்தேர்ச்சி எப்போதும் இருப்பதில்லை.

அப்படியானால் கம்பெனியால் பயனே இல்லையா? உண்டு. பெரிய குடும்பம், நெடுந்தூரம், கண்ணாடிச் சாமான், வீட்டில் முதியோரோ கைக்குழந்தையோ இருத்தல் ஆகிய இந்நிலைகளில் கம்பெனியை நாடுவதே விவேகம். அவர்கள் கொண்டுவரும் அட்டைப்பெட்டிகளும், காற்றுக் குமிழித் தாளும், நம் சாக்கு மூட்டைகளைவிட எவ்வளவோ மேல். ஆனால் நம் பொருளுக்கு அவர்கள் எவ்வளவு பொறுப்பு என்பதை அறிந்தவர் சிலரே. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பொதுச் சரக்கேற்றிகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொருள் கெட்டாலோ காணாமற் போனாலோ அவர்கள் தரவேண்டிய ஈடு, செலுத்திய சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். சாமானின் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைச் செலுத்தியவர்களுக்கே இவ்வரம்பு உயரும். 8,000 ரூபாய் கட்டணத்துக்கு 80,000 ரூபாய். வீணையும் தையல் இயந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் உள்ள வீட்டுக்கு இது போதுமா என்று ஒவ்வொருவரும் தாமே எண்ணிக்கொள்ளலாம்.

காப்பீடு என்ற பெயரில் விழுக்காடு கணக்கிட்டு ஒரு தொகையை விலைச்சீட்டில் சேர்ப்பதும் வழக்கம். காப்பீட்டுக் கழகத்தின் பத்திரம் கைக்கு வந்தால் அது காப்பீடு. வராவிட்டால் அது கம்பெனியின் வரவு. முன்பணம் வாங்கிக்கொண்டு, சாமான் வண்டியில் ஏறிய பிறகு பாதி வழியில் நிறுத்தி இரட்டைக் கட்டணம் கேட்பவர்களும் இத்தொழிலில் நுழைந்திருக்கின்றனர். பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் பெயரைச் சற்றே மாற்றி விளம்பரம் செய்வது அவர்கள் உபாயம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் சாமான்கள் இவ்வாறு நான்கு நாள் பொள்ளாச்சிப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் கிடந்தன. அக்குடும்பம் அந்நான்கு நாளும் பாயும் தலையணையும் இரவல் வாங்கித் தூங்கியது. பேசிய தொகையில் பெரும்பகுதியை, சாமான் வீடு சேர்ந்த பின்னரே கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் வழக்கம் இதற்கு ஓரளவு காப்பாகும்.

அரசு ஊழியருக்கு மற்றொரு கணக்கும் உண்டு. 2017 ஜூலையில் வெளியான உத்தரவின்படி, மைய அரசில் 6ஆம் நிலை முதல் 11ஆம் நிலை வரையுள்ளவர்கள் 6,000 கிலோ வரை சாமான் கொண்டுசெல்லலாம். சாலை வழியாயின் கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று அன்று விகிதம் வகுத்தனர். அகவிலைப்படி 50 விழுக்காடு உயரும்போதெல்லாம் இது 25 விழுக்காடு உயரும். நூறு கிலோமீட்டருக்கு 5,000 ரூபாய் என்பது சமவெளிக்கு ஓரளவு கட்டும். மலைக்குக் கட்டாது, ஏனெனில் கிலோமீட்டர் என்பது வளைவையும் ஏற்றத்தையும் அறியாத அளவு. இத்தொகைக்காகப் போலி ரசீது எழுதித் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். சாமானைக் குட்டியானையில் ஏற்றிவிட்டு லாரிக்கு ரசீது கொடுத்த சிலர், ஓய்வு பெறும் தறுவாயில் விசாரணைக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைக் கோப்புகளில் படித்து மொழிபெயர்த்தும் இருக்கிறோம். படிக்க இனிமையான நடையன்று.

காலத்தைப் பற்றி ஒரு சொல். ஆடியில் குடி போகலாகாது என்பார்கள் நம் பெரியோர். மலையாளிகளுக்கும் அது கர்க்கடகம். தஞ்சைச் சமவெளியில் இதற்குக் காரணம் தேடுவது கடினம். மூணாற்றில் தேட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையில் மெத்தை நனைந்தால் ஆவணி வரை உலராது. மண் சரிந்து சாலை அடைபட்டால் வண்டி வழியிலேயே நிற்கும். பாலக்காட்டுக் கணவாயில் அம்மாதங்களில் வீசும் காற்று கட்டாத தார்ப்பாயைப் பறித்துக்கொண்டு போகும். மாற்றல் உத்தரவு பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை என்பது உண்மையே. வந்த பிறகு பத்து நாள் அவகாசம் கேட்டு வானம் வெளுத்த நாளில் புறப்படுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தெரிவு உள்ளவர்களுக்கு. தேயிலைத் தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளி ஓய்வு பெறும் தாய்க்கு இத்தெரிவு இல்லை. லயத்து அறை வேலையோடு வந்தது, வேலையோடு போவது. பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் அறை குடும்பத்தில் நிற்கும். இல்லையேல் மலை இறங்க வேண்டும். பிறந்தது முதல் அறிந்த குளிரை விட்டு, பெயரளவில் மட்டும் சொந்தமான ஒரு சமவெளிக் கிராமத்துக்குக் குடிபோகும் அம்முதியோருக்குக் கம்பெனியின் விலைச்சீட்டு எதற்கு? லயத்தார் கூடிச் சாமான்களை ஜீப்புவரை சுமக்கிறார்கள். கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, தண்ணீர்க் குடங்கள், சாமி படங்கள், கோழிக் கூண்டு. அம்மிக்கல்லை மட்டும் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிடுகிறார்கள். ஜீப்புக்காரர் கீழே சென்று திரும்பும் வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதும் உண்டு; வரும்போது காய்கறி ஏற்றி வரலாம் என்பது அவர் கணக்கு. வேலையில் இருக்கும்போதே லயத்துக்கு அப்பால் ஒரு சிறு மனையேனும் தேடிக்கொள்ளும் பேச்சு இப்போது தோட்டங்களில் மிகுதியாகக் கேட்கிறது. அரசும் தோட்ட முதலாளிகளும் அப்பேச்சை எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவர்களுடைய குடிமாற்றம் அமையும்.

மற்றவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவு. பாத்திரம், புத்தகம், துணி ஆகியவற்றை வீட்டாரே கட்டலாம். எதில் எது என்று பெட்டியின்மேல் எழுதுவது நம் கையாலேயே நடக்க வேண்டிய காரியம். நகை, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மருந்து ஆகியவை எவ்வண்டியிலும் ஏறலாகாது. நம் கைப்பையிலேயே வர வேண்டும். எரிவாயு உருளையை ஏற்றாமல் முகவரிடம் ஒப்படைத்து வைப்புத்தொகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரை ரயில் பார்சலில் அனுப்புவதானால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு அகலப்பாதை ரயில் மீண்டும் வந்துவிட்டதால், மலையடிவாரத்தாருக்குச் சென்னையிலிருந்து ரயிலிலேயே வந்திறங்கும் வசதியும் கிடைத்திருக்கிறது. பாரமான ஐந்தாறு பொருளுக்கு மட்டும் ஆளை அமர்த்தி, விகிதப்படி கூலி பேசி, முடிந்தவுடன் கையில் கொடுத்துவிடலாம்.

கம்பெனி வழியாக அனுப்பியவர்கள், சாமான் வந்து இறங்கியதும் ஓட்டுநர் நீட்டும் தாளில் உடனே கையெழுத்திட வேண்டாம். அவர் அவசரப்படுவார், இரவாகிவிட்டது என்பார். பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கீறல், உடைப்பு, குறைவு எதுவாயினும் அத்தாளிலேயே எழுதிவிட்டுப் பிறகு கையொப்பமிட வேண்டும். இழப்பு இருந்தால், சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிப்புச் செய்திருக்க வேண்டும். இல்லையேல் அச்சட்டப்படி வழக்குத் தொடர இயலாது. நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோர், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். கம்பெனி டில்லியில் இருந்தாலும் இடுக்கியிலோ பாலக்காட்டிலோ புகார் கொடுக்கத் தடையில்லை. அதற்கு இரண்டாண்டு காலம் இருக்கிறது. ரசீதைப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தால் போதும்.